பழைய 16 கேஜ் துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன். என் மாமனாரின் குடும்பத்தில் 1920களில் வாங்கப்பட்ட, அமெரிக்காவிலேயே செய்யப்பட்ட 16 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கடைகளில் 12 கேஜ் தோட்டாக்கள் குவிந்து கிடக்க, 16 கேஜ் தோட்டா எப்போதாவதுதான் கிடைக்கிறது. ஆகவே கூட்டில் வெடிமருந்தும் ரவையும் இட்டுத் தோட்டாவை நானே நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். எந்த எந்திரம் வாங்குவது? 2¾ அங்குலத் தோட்டா தடையில்லாமல் உள்ளே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நீங்கள் கேட்டது எந்திரத்தைப் பற்றி; ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டா தடையில்லாமல் உள்ளே போகிறது என்பது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 2¾ அங்குலம் என்பது, சுட்ட பிறகு வாய் முழுவதும் விரிந்த நிலையில் தோட்டாக்கூட்டின் நீளம். வாய் மடித்து மூடப்பட்டிருக்கும்போது அது அதைவிடக் குட்டையாகவே இருக்கும் என்பதால், அறை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் பகுதி, போதிய நீளம் இல்லாத துப்பாக்கியிலும் எளிதாக நுழைந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்காவில் செய்யப்பட்ட 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் அறையின் நீளம் 2 9/16 அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர்தான். அவ்வகைத் துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுட்டால், விரியும் வாய் அறையைத் தாண்டி, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் நெருக்கும். தக்கையும் (மருந்துக்கும் ரவைக்கும் இடையே இருக்கும் அடைப்பு) ரவையும் அந்த நெருக்கலுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். அழுத்தம் உயரும், பின்னுதைப்பும் கூடும், நூறாண்டு வயதான மரக்கட்டையில் விரிசலும் விழலாம்.

எனவே முதல் செலவு எந்திரத்துக்கன்று, பழைய இரட்டைக் குழல்களை அறிந்த ஒரு துப்பாக்கிப் பணியாளருக்கு. அறையின் நீளம், குழலின் உள்விட்டம், சுவரின் கனம், குழல்கள் பின்கட்டோடு இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்பது, இரண்டு குழல்களையும் பிணைக்கும் பற்றாசு விட்டுப்போயிருக்கிறதா என்பது ஆகியவற்றை அவர் அளந்து எழுதித் தர வேண்டும். ஐரோப்பியத் துப்பாக்கியென்றால் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையின் முத்திரைகள் ஓரளவு வழிகாட்டும். அமெரிக்காவில் அப்படியொரு சோதனைச்சாலை இருந்ததே இல்லை, சோதனை தொழிற்சாலையோடு முடிந்துவிட்டது. அறை குட்டையாக இருந்தால் அதைக் கடைந்து நீட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுத்தம் மிகுதியாக இருக்கும் இடத்திலேயே உலோகத்தைச் சுரண்டி எடுப்பதைவிட, தோட்டாக்கூட்டை 65 மில்லிமீட்டராக வெட்டிக்கொள்வது மலிவானது. பிழைத்தாலும் ஒரு கூடுதான் வீணாகும்.

இனி நிரப்புதலுக்கு வருவோம். கேஜ் என்ற எண், குழலின் விட்டத்துக்குச் சமமான ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகும் என்பதைக் குறிக்கிறது. அந்தக் கணக்கில் 16 கேஜின் உருண்டை சரியாக ஒரு அவுன்ஸ். இதன் விட்டம் 0.662 அங்குலம், 12 கேஜ் 0.729, 20 கேஜ் 0.615. ஒரு அவுன்ஸ் ரவை இந்தக் குழலில் நீளமாகத் தேங்காமல் அடங்கி உட்காருவதால், பழைய வேட்டைக்காரர்கள் அதையே இதன் இயல்பான அளவாகக் கொண்டார்கள். உங்கள் துப்பாக்கிக்கு அதுவோ, அதற்கும் குறைந்த ⅞ அவுன்ஸோ போதும். இக்காலத் தொழிற்சாலைகள் 16 கேஜில் விற்கும் 1⅛ அவுன்ஸ் வேகத் தோட்டாக்களோடு போட்டியிட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இவ்வளவு நல்ல அளவு ஏன் அருகிப்போனது என்று பலர் வியக்கிறார்கள். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் விளையாட்டின் போட்டிப் பிரிவுகள் 12, 20, 28 கேஜ்களுக்கும் 0.410 அங்குலத்துக்கும் மட்டுமே அமைந்தன. 16க்கு அங்கே தனி இடம் கிடைக்கவில்லை. பிறகு 3 அங்குல 20 கேஜ் தோட்டா வந்து, அதற்கு மிஞ்சியிருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. இந்த வரலாறு உங்கள் பணப்பையையும் தொடுகிறது. 16க்கான தக்கைகளும் கூடுகளும் சில வகைகளே கிடைப்பதால், சந்தையில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் 'பக்கத்தில் இருப்பதைப் போட்டுப் பார்ப்போம்' என்ற ஆசை எழும். அருகிய கேஜில் தொடங்குபவரைக் கெடுப்பது இந்த ஆசைதான். ஆகவே முறையை முடிவு செய்த அன்றே, ஒரு பருவத்துக்குப் போதுமான தக்கைகளையும் கூடுகளையும் ஒரே வகையில் வாங்கி வைத்துவிடுங்கள்.

முறை என்று நான் சொல்வது, ஹாட்ஜ்டன், அலையண்ட் போன்ற மருந்துத் தயாரிப்பாளர்கள் சோதித்து வெளியிடும் அட்டவணையில் உள்ள ஒரு வரி. அதில் கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, மருந்தின் எடை, தக்கை, ரவையின் எடை ஆகியவை ஒரே கட்டாகத் தரப்பட்டு, அதனால் எழும் அழுத்தமும் வேகமும் எதிரே அச்சிடப்பட்டிருக்கும். சமையலில் கைப்பக்குவத்துக்கு இடம் உண்டு. இந்த வரியில் அதற்குச் சிறிதும் இடமில்லை. பிரைமரை மட்டும் வேறு நிறுவனத்ததாக மாற்றினாலே அழுத்தம் கணிசமாக மாறக்கூடும். அமெரிக்கத் தொழில்துறைத் தரப்படி 16 கேஜுக்கான உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. அது நல்ல நிலையில் உள்ள இக்காலத் துப்பாக்கிக்கு உரிய எல்லை. உங்களுடையதற்கு அட்டவணையில் உள்ள குறைந்த அழுத்த வரிகளையே தேடுங்கள். பழைய அட்டவணைகளில் அழுத்தம் ஈய உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணக்கிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. மருந்தின் எடையை இந்தப் பத்தியில் நான் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. அதைத் தயாரிப்பாளரின் இன்றைய அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மிகக் குறைந்த அழுத்தத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை விஸ்கான்சின்காரரான உங்களிடம் சொல்லியாக வேண்டும். மெதுவாக எரியும் மருந்தை இலேசான ரவையோடு சேர்த்தால், கோடையில் நன்றாகச் சுடும் தோட்டா நவம்பர்க் குளிரில் அரைகுறையாக எரிந்து, 'புளூப்' என்ற மந்தமான ஓசையோடு தக்கையைக் குழலிலேயே விட்டுவிடலாம். அப்படியோர் ஓசை கேட்டால், அடுத்த குழலைச் சுடாமல் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, இரண்டு குழல்களிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தக்கை அடைத்த குழலில் அடுத்த தோட்டா வெடித்தால் குழல் பிளக்கும்.

கூடுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. உள்சுவர் அடியை நோக்கிச் சரிந்து ஒரே வார்ப்பாக வருவது ஒன்று. நேரான குழாயில் தனி அடித்தக்கையைச் செருகிச் செய்வது மற்றொன்று. இரண்டின் உட்கொள்ளளவும் வேறு என்பதால், ஒன்றுக்கான வரியை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. இரண்டாம் வகையில் பலமுறை நிரப்பியபின் அடித்தக்கை தளர்ந்து ரவையோடு சேர்ந்து கிளம்புவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். செடிட், ஃபியோக்கி போன்ற ஐரோப்பியக் கூடுகளின் பிரைமர்க் குழி சற்றே அகலமானது. ஒருமுறை ஐரோப்பியப் பிரைமர் ஏறிய குழியில் அமெரிக்கப் பிரைமர் தளர்வாக நிற்கலாம். கூட்டை 65 மில்லிமீட்டராக வெட்டியபின் மடிப்புக்கு இடம் போதாமல் போனால், வாயைச் சுருட்டி மூடும் முறை இருக்கிறது. அதற்கும் சுருட்டு மூடலுக்கென்றே சோதிக்கப்பட்ட வரிதான் வேண்டும்.

கடைசியாக எந்திரம். மெக் நிறுவனம் உங்கள் மாநிலத்திலேயே, மேவில் ஊரில் தோன்றியது. அதன் ஒற்றை நிலை எந்திரமான 600 ஜூனியர் 16 கேஜிலும் உண்டு, பழையதாக வாங்கினாலும் நெடுநாள் உழைக்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுதாக விழும் தொடர்நிலை எந்திரங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எதில் பிழை நேர்ந்தது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒற்றை நிலையில்தான் உண்டு. எந்திரத்தில் மருந்தை அளந்து விடுவது புஷ்ஷிங் என்னும் சிறு வளையம். அதனோடு வரும் அட்டவணை தோராயமானது. உண்மையில் விழும் எடை உங்கள் கையின் வேகத்தையும் மேசையின் அதிர்வையும் பொறுத்து மாறும். ஆதலால் கிரெய்ன் என்னும் மிகச் சிறிய எடை அளவில் நிறுக்கும் தராசு எந்திரத்தைப் போலவே கட்டாயமானது. தொடர்ந்து பத்து முறை விழும் மருந்தை நிறுத்து, அத்தனையும் ஒத்துப்போன பிறகே முதல் தோட்டாவை மூடுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்க வேண்டும். நிரப்பிய பெட்டியின் மேல் முறையையும் தேதியையும் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் ஏலத்தில் பெல்ஜியத்தில் செய்த 16 கேஜ் துப்பாக்கி வாங்கினேன். குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் போன்ற வரிகள் தெரிகின்றன. கருமருந்து நிரப்பினால் ஆபத்தில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: நீங்கள் விவரிப்பது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்துச் செய்யப்படுவது. பழங்கால வெடிமருந்தான கருமருந்தின் அழுத்தம் பொதுவாகத் தாழ்ந்தது என்பது மெய்தான். ஆனால் பட்டைகளின் இணைப்பில் உள்ளே துரு ஓடியிருந்தால், அந்தத் தாழ்ந்த அழுத்தத்துக்கே குழல் தாங்காமல் போகலாம், வெளியிலிருந்து அதைக் காண முடியாது. முதல் பதிலில் சொன்ன பரிசோதனை உங்களுக்கு இருமடங்கு அவசியம். பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச்சாலையின் முத்திரைகளில் சிங்கத்தின் கீழே 'பிவி' என்ற எழுத்துகள் இருந்தால், அது கருமருந்துக்குப் பின் வந்த புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். இல்லையென்றால் கருமருந்துக்கு மட்டும் என்றே கொள்ளுங்கள். அந்த முத்திரை இருந்தாலும், அது குத்தப்பட்ட அன்றைய நிலைக்குத்தான் சான்று.

பணியாளர் நல்லதென்று சொல்லிவிட்டால், பித்தளைக் கூடுகளோடு கருமருந்து நிரப்புவது இன்பமான வேலை. எந்திரமே இல்லாமல் சில எளிய கைக்கருவிகளால் செய்துவிடலாம். பிரேசிலின் மேக்டெக் நிறுவனத்தின் பித்தளைக் கூடுகள் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரை ஏற்பவை. பித்தளைச் சுவர் மெல்லியதாகையால் உள்விட்டம் பெரிது. 16 கேஜ் தக்கை அதில் தளர்ந்து நிற்கும், அதைவிடப் பெரிய அளவிலான அட்டைத் தக்கையும் நார்த் தக்கையுமே பிடிக்கும். வாயை மடிக்க இயலாது என்பதால் ரவையின் மேல் மெல்லிய அட்டையை வைத்து, சோடியம் சிலிக்கேட் கரைசலால் விளிம்பை ஒட்டுவார்கள். மருந்துக்கும் தக்கைக்கும் இடையே வெற்றிடம் விடக் கூடாது. சுட்ட அன்றே கூடுகளையும் குழலையும் வெந்நீரால் கழுவி உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருவைக் கிளப்பும்.

கேள்வி: பழைய தோட்டாப் பெட்டியில் '2½ டிராம் ஈக்விவலண்ட்' என்று இருக்கிறது. அந்த எடைக்குப் புகையில்லா மருந்து போட்டால் அதே தோட்டா கிடைக்குமா?

பதில்: போட்டால் துப்பாக்கி வெடிக்கும். 2½ டிராம் கருமருந்து எவ்வளவு வேகம் தருமோ அவ்வளவு வேகம் என்பதே அந்தக் குறிப்பின் பொருள். உள்ளே இருக்கும் புகையில்லா மருந்தின் எடையை அது குறிப்பதில்லை. ஒரு டிராம் 27.3 கிரெய்ன் என்பதால் 2½ டிராம் ஏறத்தாழ 68 கிரெய்ன் ஆகும். இன்றைய அடர்ந்த புகையில்லா மருந்து அதில் ஒரு சிறு பங்குதான் தேவைப்படும்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் டெக்சாசில் இருக்கிறேன். நானும் இதைத் தொடங்கலாமா? உரிமம் வேண்டுமா?

பதில்: குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முதலிய சில விலக்குகள் உண்டு. அந்த உரிமம் இல்லாமல் ஒரு பிரைமர்கூட வாங்க வேண்டாம் என்பதோடு, வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது என்பதும் என் கருத்து. நிரந்தரக் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தப் பயனுக்கு நிரப்புவதற்குக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்பதைத் தொழிலாகக் கொண்டால் தேவை. ஊர் திரும்பிய பிறகும் தொடரலாம் என்று எண்ணிவிடாதீர்கள்: இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா தயாரிப்புக்குத் தனி உரிமம் கேட்கிறது.

கேள்வி: என் தாத்தா காலத்து 16 கேஜில் வாத்து வேட்டைக்குப் போக எஃகு ரவை நிரப்பலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. ஆனால் எஃகு நசுங்காத உலோகம். பழைய மென்குழலின் உட்புறத்தைக் கீறும், இறுக்கமான சோக்கில் (குழல் வாயில் உள்ள குறுகல்) குழலைப் புடைக்கச் செய்யும். பிஸ்மத் ரவையே உங்களுக்கு ஏற்றது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 9.7 கிராம் அளவில் இருக்கிறது, ஈயம் 11.3, எஃகு 7.8. ஈயத்துக்கான அட்டவணை வரியில் பிஸ்மத்தை மாற்றிப் போடாமல், பிஸ்மத்துக்கென்று வெளியிடப்பட்ட வரியையே பின்பற்றுங்கள். ஒரே எடைக்கு அது கூட்டுக்குள் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால், எந்திரத்தின் ரவை அளவையும் மீண்டும் நிறுத்துச் சரிசெய்ய வேண்டும். விலை அதிகம்தான், பயிற்சிக்கு ஈயத்தையும், ஏரிக்குப் போகும் நாளில் மட்டும் பிஸ்மத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏரிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஓர் ஈயத் தோட்டா தப்பிக் கிடந்தாலும் அபராதம் விழும்.