நீச்சல் வீரனான என் மகனுக்கு ஐவி லீக்கில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கிடைக்காது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதில்லை என்று 1954லேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை. குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத்தான் உதவி. கோச் அட்மிஷனுக்கு சிபாரிசு செய்யலாம், பணம் தர முடியாது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். என் மகளும் நீச்சல்காரிதான். நியூ ஜெர்சியில் நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், வீட்டில் ஒரே சம்பளம். வேறொரு பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்துக்கு ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லி, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்று நெருக்கியது. ஐவி ஒன்றில் வருமானம், சேமிப்பு, வரிக் கணக்கு எல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள், ஆனால் கடைசியில் நாங்கள் கட்ட வேண்டியது அந்தப் பாதியைவிட மிகக் குறைவு. இரண்டாம் வருடம் தோள்பட்டையில் ஆபரேஷன், அவளே அணியிலிருந்து விலகிவிட்டாள். அதற்காக உதவியில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்துவிட்டுத் தானாக விலகினால் அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகம் நிறுத்திவிடலாம்.

ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஸ்டான்ஃபோர்ட், டியூக் எல்லாம் தருகின்றன. ஆனால் ஆண்கள் நீச்சலில் 2025 வரை ஓர் அணிக்கே மொத்தம் 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்கான பணம்தான் உச்சவரம்பு, அதைத்தான் பல பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியிலும் வருடாவருடம் கணக்கு மாறும். நான் ஓவர்டைம் பார்த்த வருடத்துக்கு எங்கள் பங்கைக் கூட்டினார்கள்.

எனக்கு ஆறாதது வேறு. ஊரில் சொந்தக்காரர்கள் "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போனவள்தானே" என்கிறார்கள், அதே வாயால் "அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு எதற்கு உதவி" என்றும் கேட்கிறார்கள். விடிகாலையில் குளத்தில் இறங்கிவிட்டு, ஈரத் தலையோடு கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதியவள் அவள். அமெரிக்காவில் எல்லோரும் சாஃப்ட்வேரா பார்க்கிறார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எட்டில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மவுத், பிரவுன் ஐந்தும் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதை அட்மிஷனில் பார்ப்பதில்லை, மற்ற மூன்றும் பார்க்கும். கோச் ஆர்வம் காட்டினால், உங்கள் வருமான விவரத்தை வைத்து உதவித்தொகை அலுவலகத்திடம் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகையை எழுத்தில் பார்க்காமல் எந்தக் கோச்சுக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.