ஜெம்பே கற்க நடனமும் ஆட வேண்டுமா?

கையால் வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்க மேளமான ஜெம்பே மட்டும் கற்றால் போதுமா, நடன வகுப்புக்கும் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். அதோடு, கையில் முதலில் ஜெம்பேயை எடுக்காமல், அதற்குத் துணையாகக் குச்சியால் அடிக்கும் டுனுன் மேளத்தை எடுங்கள் என்றும் சொல்வேன்.

கினி, மாலி நாடுகளின் மலிங்கே மக்களிடம் ஜெம்பேக்குத் துணையாக மாட்டுத்தோல் கட்டிய மூன்று டுனுன்கள் ஒலிக்கும். சிறியது கென்கெனி, நடுவிலுள்ளது சங்பன், பெரியது டுண்டுன்பா. இது இன்ன தாளம் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சங்பன்தான். டுனுன் வாசிப்பவரின் ஒரு கையில் குச்சி. மறு கையில், மேளத்தின் மேல் கட்டிய இரும்பு மணியைத் தட்ட ஒரு கம்பி. மணி ஓயாமல் ஓடும், குச்சி சில இடங்களில் மட்டும் விழும். அந்த இடங்கள் கைக்குப் பழகிவிட்டால், பிறகு ஜெம்பேயில் எதை வாசித்தாலும் நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

கினி நாட்டுக் கலைஞர் ஃபோதேபா கெய்தா 1952இல் பாரிஸில் தொடங்கிய ஆப்பிரிக்க நடனக் குழு, 1958இல் கினி விடுதலை பெற்றபின் அதன் தேசியக் குழுவானது. இத்தகைய மேடைக் குழுக்கள் வழியாகத்தான் மூன்று டுனுன்களையும் நிமிர்த்தி வைத்து ஒருவரே வாசிக்கும் முறை பரவியது. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் புதியவருக்குக் கிராமத்து முறையே நல்லது. ஆளுக்கு ஒரு மேளம் என்பதால் மற்ற இருவரையும் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

நடனத்துக்கு வருகிறேன். கென்கெனி பல தாளங்களில், நாம் கைதட்டி எண்ணும் தட்டு விழும் இடத்தில் ஒலிக்காது, தள்ளி ஒலிக்கும். உட்கார்ந்து கேட்கும் நமக்கு அந்த ஒலியே தட்டு என்று தோன்றிவிடும். முழங்காலை மடித்து, உடலை முன்னே சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஆடினால்தான் தட்டு எங்கே என்று உடம்பு சொல்லும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. 'தகிட தகிட' சொல்லிப் பழகியவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்னணி ஜெம்பேக்காரர் வாசிக்கும் ஓர் அழைப்பைக் கேட்டதும் ஆடுபவர்கள் அடவை மாற்றுவார்கள். வட்டத்திலிருந்து ஒருவர் தனியாக முன்வந்து ஆடும்போதோ ஜெம்பேக்காரரின் கண் அவர் காலைவிட்டு நகராது. அந்த அடிகளை மேளத்தில் எடுத்துக் காட்டுவார். ஆடிப் பார்க்காதவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

முதல் தாளமாகக் காஸாவைக் கற்றுத் தரச் சொல்லுங்கள்; வயலில் உழைப்பவர்களுக்காக வாசிக்கும் தாளம் அது. ஜெம்பேயைத் தொடும் நாளில் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆட்டுத்தோல் கிழியும், விரலும் புண்ணாகும்.