மங்கள்யான் ஏன் 25 நாள் பூமியையே சுற்றியது?

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கு மங்கள்யான் மாதிரி செய்யும் உங்கள் மகளிடம், "2013 நவம்பர் 5-ல் ஏவியது டிசம்பர் 1 வரை ஏன் பூமியையே சுற்றியது, கோளாறா?" என்று ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கோளாறு இல்லை, திட்டமே அப்படித்தான்.

கிட்டத்தட்ட 1,340 கிலோ விண்கலத்தை நேராகச் செவ்வாய்க்கு அனுப்ப பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்குச் சக்தி போதாது. அதனால் முதலில் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டார்கள். பிறகு கலம் பூமிக்கு அருகே வரும் சில தருணங்களில் அதன் சொந்த எஞ்சினை எரித்துப் பாதையை நீட்டினார்கள். ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான். சரியான இடத்தில் தள்ளினால் மறுபுறம் இன்னும் உயரம் போகும். தொடக்கத்தில் சுமார் 23,500 கிலோமீட்டராக இருந்த தொலைமுனை (பாதையில் பூமியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் புள்ளி), கடைசியில் 1,92,000-ஐத் தாண்டியது.

நடுவில் நான்காவது முறை எரித்தது மட்டும் சறுக்கியது. தொலைமுனை ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆகும் என எதிர்பார்த்தார்கள், 78,000 சொச்சம்தான் கிடைத்தது. மறுநாளே இன்னொரு முறை எரித்துச் சரிசெய்தார்கள். இதை மகள் கட்டாயம் சொல்லட்டும், எனக்கு மிகப் பிடித்த பகுதி.

டிசம்பர் 1 நள்ளிரவு கடந்து சுமார் 22 நிமிடம் எரித்ததும் கலம் பூமியை விட்டுப் புறப்பட்டது. செவ்வாய்க்குப் புறப்பட ஏற்ற அந்த வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால் அடுத்தது ஏறக்குறைய 26 மாதம் கழித்துத்தான்.

மாதிரியில் நூலால் ஆறேழு நீள்வட்டங்கள், ஒன்றைவிட ஒன்று பெரிதாக, எல்லாமே பூமிக்கு அருகே ஒரே புள்ளியைத் தொடுமாறு ஒட்டச் சொல்லுங்கள்.