கயிற்றை அவிழ்ப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகும் தங்கள் மாடுகளுக்குத் தீனி போட்டு வந்த விவசாயிகளைப் பற்றி வாசித்தேன். பாலை விற்க முடியாது, இறைச்சிக்கும் கொடுக்க முடியாது. பிறகு எதற்கு வளர்க்க வேண்டும்? மனிதர்களே முகாமில் கிடக்கும்போது இது வீண்செலவு என்று அப்பாவிடம் சொன்னேன். சம்பூரில் எங்களுக்கு மாட்டுப்பட்டி இருந்தது. 2006இல் போரின்போது விட்டுவிட்டு வந்தோம். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சொன்னது தவறா?

ஒரு வாசகி, மூதூர்

அன்பு மகளுக்கு,

கேட்டதில் தவறில்லை. ஆனால் ‘வீண்செலவு’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. மறுநாள் மாலையே உலையைச் சுற்றி 20 கிலோமீற்றருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் பலர் போனார்கள். உள்ளே ஏறத்தாழ 3,500 மாடுகளும் 30,000 பன்றிகளும் நின்றன. அங்கே பால்மாடுகள் பெரும்பாலும் கொட்டிலில் கழுத்துப் பிணைப்போடு நிற்பவை. அவிழ்த்துவிட்டால் அயலவரின் வயலிலும் வீட்டிலும் புகுந்துவிடும், கட்டிவைத்தால் பட்டினி. மினாமிசோமாவில் ஒரு கொட்டிலின் மரத்தூண்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பசியில் மாடுகள் கடித்துக் கடித்து, தூண்கள் நடுவில் ஒடுங்கிப்போய் நிற்கின்றன. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 12ஆம் திகதி, மிஞ்சியிருந்த கால்நடைகளை உரிமையாளரின் சம்மதத்துடன் கொன்றுவிடும்படி அரசு உத்தரவிட்டது. பலர் சம்மதித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கண்முன்னே எலும்பாகி விழுவதைவிட அது மேல் என்று நினைத்த கைகள்தாம் அந்தக் கடதாசியில் ஒப்பமிட்டன. மறுத்தவர்களும் இருந்தார்கள். உலையிலிருந்து 14 கிலோமீற்றரில், நமியேயில், மசாமி யோஷிசாவா 300க்கும் மேற்பட்ட மாடுகளை வைத்துக் காப்பாற்றினார். அவற்றில் சிலவற்றின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. 2014இல் மாடொன்றை லொறியில் ஏற்றி டோக்கியோவிலுள்ள விவசாய அமைச்சின் வாசலுக்கே கொண்டுபோய், காரணத்தை ஆராயுங்கள் என்று கேட்டார்.

இன்னொன்றும் நீங்கள் அறிய வேண்டும். உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்கப் பொருளான சீசியம் உடம்புக்குள் பொட்டாசியத்தைப் போல நடந்துகொள்ளும். புல்லிலிருந்து தசைக்கும் பாலுக்கும் போகும். சுத்தமான தீனி கொடுத்து வந்தால் சில மாதங்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மண்ணில்தான் அது குடியிருக்கிறது. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் வேண்டும். செர்னோபில் அணு உலை 1986இல் வெடித்தது. அதன் சீசியம் மழையோடு விழுந்த பிரித்தானியாவின் வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பதற்கான கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த விவசாயிகள் ஆடு வளர்ப்பதை விட்டுவிடவில்லை.

உங்கள் அப்பாவிடம் வருகிறேன். சம்பூரிலிருந்து வந்த பலரிடம் பேசியிருக்கிறேன். வீடு, வளவு, தென்னை, கிணறு எல்லாவற்றையும் சொல்வார்கள். மாடு என்று வரும்போது குரல் இறங்கிவிடும். ஒருவர் பத்து ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: பட்டியின் படலையைத் திறந்துவிட்டது நினைவிருக்கிறது, தனியாகக் கட்டியிருந்த கன்றை அவிழ்த்தேனா? அவருடைய மனைவி “அவிழ்த்தீர்கள், நான் பார்த்தேன்” என்று சொல்வார். அவர் உண்மையில் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

புகுஷிமாவில் தீனி போட்டவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. உங்கள் அப்பாவுக்கு இருக்கவில்லை. அந்த மாடுகளுக்குத் தீனி போடுவது வீண் என்று அவரிடம் சொல்லும்போது, அவர் காதில் அது வேறு எப்படி விழுந்திருக்கும்?

இன்று மாலை தேநீர் கொடுக்கும்போது கேளுங்கள்: பட்டியில் எத்தனை நின்றன, நாம் என்ன குறி சுட்டிருந்தோம், எந்தப் பசு முதலில் மேய்ச்சலிலிருந்து திரும்பி வரும். முதல் நாள் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் கேளுங்கள். சொன்னால் அந்தக் குறியை வரைந்து எனக்கும் அனுப்புங்கள்.