பெண்ணையாற்றோடு இரண்டு நாள்

வணக்கம் ஐயா,

ஆடி மாதம் ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். காலையில் ஒகேனக்கல்லில் பரிசல், ராத்திரி ஏற்காடு, மறுநாள் புதுச்சேரி கடற்கரை என்று திட்டம். ஒகேனக்கல் போனால் நீர்வரத்து கூடிவிட்டது என்று பரிசலுக்கும் குளிக்கவும் தடை. பிள்ளைகள் அழுதார்கள். ஏற்காட்டில் அறையும் கிடைக்கவில்லை. அப்பா சொன்னபடி அரூர் வழியாகத் திரும்பி, தீர்த்தமலையை அடிவாரத்தில் நின்று கும்பிட்டு, அனுமன்தீர்த்தம், சாத்தனூர் அணை பார்த்து, திருவண்ணாமலையில் தங்கினோம். மறுநாள் திருக்கோவிலூர் பெருமாள் கோயில், அப்புறம் கடலூர். வழியெல்லாம் பெண்ணையாறு வெறும் மணலாகக் கிடந்தது. நினைத்ததில் ஒன்றும் நடக்கவில்லை, டீசல் காசு தண்டம் என்று மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது வீண் பயணம்தானா? அடுத்த முறை எப்படித் திட்டம் போடுவது?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போன ஊர்களை வரிசையாகப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் ஊர் ஓரமாகப் போகிற தென்பெண்ணையைப் பிடித்துக்கொண்டே கடல்வரை போய் வந்திருக்கிறீர்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், அனுமன்தீர்த்தம், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து கடலூரில் கடலைச் சேர்கிற ஆறு அது. ஏற்காடு, புதுச்சேரி என்று போயிருந்தால் இந்தக் கோர்வை கிடைத்திருக்காது.

ஒகேனக்கல் தடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் வெயில் காய்ந்தாலும் அங்கே வெள்ளம் வரும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பித் திறந்தால், எல்லையில் காவிரி நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். உடனே பரிசலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். பாறை இடுக்குகளில் சுழித்து ஓடும் அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு எந்தத் திட்டத்தைக் காப்பாற்றப் போகிறோம்? ஆடி, ஆவணியில் போவதாக இருந்தால் முந்தின நாள் இரவு நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே நாளில் காவிரி பொங்குவதையும் பெண்ணை மணலாகக் கிடப்பதையும் பார்த்திருக்கிறீர்களே, அதை மச்சானுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரண்டும் தர்மபுரி மாவட்டத்து ஆறுகள்தான். காவிரிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆடி மழை இருக்கிறது. பெண்ணைக்கு அந்த மலைகளின் தயவு கிடையாது. அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிற ஆறு.

அப்படி வரும் மழை எப்படி வரும் என்பதை 2024-இல் பார்த்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கடலுக்கு இவ்வளவு தள்ளி, உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்தையும் கடலூர்க் கரையோர ஊர்களையும் அந்த வெள்ளம் மூழ்கடித்தது. கடலில் இருந்து மலைக்கு வந்த மழை, நீங்கள் காரில் போன அதே வழியில் திரும்பக் கடலுக்குப் போயிருக்கிறது. நீங்கள் பார்த்த மணலில் இவ்வளவு நடந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உங்கள் அப்பா தேர்ந்தெடுத்த வழி அருமையான வழி. தீர்த்தமலைக் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். பூசைக்குக் கங்கைநீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானதால், ராமர் மலையிலேயே அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தார் என்பார்கள். பிந்தி வந்த நீர் விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். திருக்கோவிலூருக்கும் நமக்கும் உறவு உண்டு. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான், கோவலூர் என்ற இந்தத் திருக்கோவிலூரை வென்றதை ஔவையார் பாடியிருக்கிறார். அவன் படை இந்த ஆற்றோரமாகத்தான் இறங்கிப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த திட்டத்துக்கு வருவோம். இரண்டு நாளில் அருவி, மலை, கடல் மூன்றையும் அடைத்தால் பிள்ளைகளுக்குக் கார் சீட்டுதான் நினைவிருக்கும். ஏற்காட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அறை பதிவு செய்த பிறகு கிளம்புங்கள். மலைதான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே வத்தல்மலை இருக்கிறது, காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் அங்கேயே பார்க்கலாம். மழை நின்று வெள்ளமும் வடிந்த பிறகு, தை மாதம், இதே ஆற்று வழியில் இன்னொரு தடவை போங்கள். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையோடு திரும்பிவிடாமல், கொஞ்சம் வடக்கே தாழங்குடாவுக்குப் போனால் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்கலாம். பரிசலுக்குப் பிள்ளைகளைத் தனியாக ஒரு நாள் கூட்டிப் போங்கள், தண்ணீர் குறைந்திருக்கும் மாதமாகப் பார்த்து. பாதுகாப்புச் சட்டை போடாமல் ஏற்றாதீர்கள்.