கேள்வி – பதில்: நாயகனை மீட்பவர் யார்?

கேள்வி: கதாபாத்திரம் ஏற்று ஆடும் வீடியோ கேம்களில் நாயகனையே பிறர் காப்பாற்றினால், ஆடுபவரின் பெருமை குறைந்துவிடாதா?

பதில்: குறையாது, ஆனால் மீட்பு நிகழும் விதம் முக்கியம். 2009இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டில், இஷால் கோபுரத்தில் வீழ்ந்த நாயகனைச் சூனியக்காரி ஃபிளமெத் காப்பாற்றுவதில் நமக்குப் பங்கேதும் இல்லை. பின்னர் நாயகன் டிராக்கன் கோட்டையில் சிறைப்பட நேர்ந்தால், தாமே தப்பிக்கலாம், அல்லது தோழர்களுக்காகக் காத்திருக்கலாம். காத்திருந்தால், நாம் தேர்ந்தெடுக்கும் இருவரை நாமே இயக்கி, காவலரை ஏமாற்றியோ வென்றோ உள்ளே நுழைகிறோம். இதுவே எனக்கு உயர்வாகப் படுகிறது. 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’இலும், மனம் சிதைந்த நாயகன் கிளவுடை மீட்கும் பகுதியில் தோழி டிஃபாவாக ஆடுகிறோம், அவருடைய உண்மையான கடந்தகாலம் அவளது நினைவுகளின் துணையோடுதான் தெளிவாகிறது என்பதால், அந்த மீட்பு கதைக்கே உயிர்நாடியாகிறது. நாயகன் தனித்து வெல்லும் எந்தச் சண்டையும் என்னை அவ்வளவு நெகிழச் செய்ததில்லை.