பிரிந்து வாழும் மனைவியை வற்புறுத்தினால் வழக்கு உண்டா?

கேள்வி: கணவரின் அடி பொறுக்காமல் எட்டு மாதங்களாக மதுரையில் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு எதுவும் போடவில்லை. சேர்ந்து வாழ வரும்படி அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மூன்று நாட்களுக்கு முன், நான் தனியாக இருந்தபோது வந்து, மறுத்தும் பலவந்தமாக உறவு கொண்டார். 'தாலி கட்டியவர் மீது இந்த வழக்கு நிற்காது' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா பெயரில் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்களிடம் சொல்லப்பட்டது சேர்ந்து வாழும் தம்பதியருக்கான சட்டம், உங்கள் நிலைக்கு அது பொருந்தாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிறைந்த மனைவியுடன் கணவர் கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்று விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கு அநீதியானது என்பதே என் கருத்து. 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளில் ஒருவர் இது அரசியலமைப்புக்கு முரணானது என்றும், மற்றவர் செல்லும் என்றும் தீர்ப்பளித்ததால், பிரச்சினை உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது.

ஆனால் பிரிந்து வாழும் மனைவிக்கு 67ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அவருடைய சம்மதமின்றி உறவு கொள்ளும் கணவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின்படியோ 'வேறு வகையிலோ' பிரிந்து வாழ்ந்தால் போதும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. 1983இல் வந்த பழைய சட்டம், தீர்ப்பின் மூலமாகவோ வழக்காற்றின்படியோ பிரிந்திருக்க வேண்டும் என்று கேட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. எனவே விவாகரத்து மனு இல்லை என்பது குறையே அல்ல. நீங்கள் பிரிந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். அதற்கு வலுவான சான்றுகளில் ஒன்றை அவரே உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். சேர்ந்து வாழ வா என்று அழைக்கும் நோட்டீஸ், நீங்கள் சேர்ந்து வாழவில்லை என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. அதை உறையுடன் பத்திரப்படுத்துங்கள்.

நீங்களே கதவைத் திறந்தீர்கள், கூச்சலிடவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சம்மதம் என்பது சொல்லாலோ செயலாலோ ஐயத்திற்கு இடமின்றித் தெரிவிக்கப்படும் விருப்பம் என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகிவிடாது என்றும் 63ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆகவே என்ன சொல்லி மறுத்தீர்கள், அவர் என்ன செய்தார் என்பதை நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

அப்பா பெயரில் புகார் வேண்டாம். இந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்ட மனைவியே புகார் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 221ஆம் பிரிவின்படி, மனைவியின் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியாது. அப்பா உடன் வரலாம், ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பதை மனுவில் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

அதற்கும் முன்பாக, இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தரக் கடமைப்பட்டது. அன்று அணிந்த உடைகளைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 67ஆம் பிரிவு பிணையில் விடத்தக்க குற்றம் என்பதால், கைதானாலும் அவர் விரைவில் வெளியே வந்துவிடுவார். எனவே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், அவர் உங்கள் வீட்டை அணுகக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவையும் உடனே கேளுங்கள். பாலியல் கொடுமையும் அச்சட்டத்தில் குடும்ப வன்முறைதான். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரே மனு தயாரிக்க உதவுவார். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக நியமித்துத் தரும்.